ஜானவாச வண்டிக்கு எவ்ளோ காத்து

இல்லணா, முப்பத்தஞ்சுலாம் வெச்சுடாத. கைய எடு, கைய எடு. மொதல்ல அந்தப் பைப்ப கீழ வெய்யி. கோச்சுக்காதணா, உன்னைய கத்தல, பயத்துல சவுண்டு தானா வந்துட்ச்சு. இது இன்னா இப்ப ஓடுற வண்டியா, கண்ண மூடிகினு முப்பத்தஞ்சு அடிச்சு அனுப்புறதுக்கு? அம்பத்தெட்டு மாடல் பிளிமத்து. என்னைய விட பத்து வயசு பெரிசு.

இப்டி வா. குனிஞ்சு பாரு. பின்னாடி லெஃப்ட்டு. தோ, ரிம்முக்குக் கீழ, சைடுல, கோழி முட்ட சைசுக்குப் பொடச்சிகினு கீது, தெரிதா? அமுக்காத, அமுக்காத. காத்து ஜாஸ்தி வெச்சா அந்த எடத்துல வெடிக்கும். கம்மியா வெச்சா சைடு மடங்கி மடங்கி சூடாயி அதே எடத்துல கிழியும். இது ரெண்டுக்கும் நடுவுல ஒரு நம்பர் இருக்கணும்ல? இருந்தே ஆவணும்ணா. அந்த ஒரு நம்பர சொல்லு, உனுக்குக் கோயில் கட்டிக் கும்புடுறேன். காலைலேர்ந்து அதுக்குத் தான் பேஜாராயி அலஞ்சிகினு கீறேன்.

குரோம்பேட்டைல மூணு கடை ஏறி எறங்கிட்டேன். மொத கடைல வண்டி கூட நின்னு ஃபோட்டோ எட்த்துகினான், காத்து வெய்யின்னா ஜகா வாங்கிட்டான். ரெண்டாவது கடைல புது மெசினு, நம்பர அமுக்குனா அதுவே வெச்சுக்கும்ன்றான். எந்த நம்பர அமுக்கறதுன்னு தான தம்பி கேக்குறேன்னா திருதிருன்னு முழிக்கிறான். மூணாவது கடை பூட்டு, ஞாயித்துக்கெழமயாம். ரோட்டோரமா தலைல கை வெச்சுகினு குந்திகினு கீறேன், ஒரு ஷேர் ஆட்டோக்காரரு தான் நிறுத்திச் சொன்னாரு. பம்மல்ல ஒரு பெரியவரு கீறாரு, பழைய லாரி டயருலாம் பாத்த கை, அவராண்ட போன்னு. போர்டுல தாவீது டயர் ஒர்க்ஸ்னு பாத்ததும் தான் உசுரு வந்துது. நீ தான தாவீது? நா அரிகிருஷ்ணன். தாம்பரம், கடப்பேரில ஷெட்டு.

டயர மாத்துன்னு நீயும் ஆரம்பிக்காதணா. எங்க போவேன்? இந்த சைசு இப்ப எவனும் போட்றது இல்ல. ஏழர, பதினாலு இஞ்சி. ஏழரைய டயர்லயே எழுதி வெச்சுகினு சுத்துற ஒரே ஆளு நான் தான். சிரிணா, பரவால்ல, நானும் ஒரு காலத்துல சிரிச்சவன் தான். நேத்து சாயங்காலமே புதுப்பேட்டைக்கு ஓடுனேன். ஒரே ஒரு டயரு கெடச்சுது, நூலு வெளிய தொங்குது, இதுவே தேவலாம்னு திரும்பிட்டேன். வேன் டயர் ரிம்முல ஒக்காரும், ஆனா மட்கார்டுல இடிக்கும். ஒரு பக்கம் மட்டும் போட்டா வண்டி நொண்டி நொண்டிப் போவும். ஸ்டெப்னியா? அத்த கேக்காத. அது சொம்மா பேருக்கு டிக்கில படுத்துகினு கீது.

மணி இன்னா ஆவுது? ஒன்னே முக்காலா? அய்யோ. அஞ்சு மணிக்கு நா திருநீர்மலைல அடிவாரத்துக் கோயிலாண்ட நிக்கணும். அஞ்சரைக்கு மாப்ள ஏறிடுவாரு. இங்கேர்ந்து அங்க வரைக்கும் நா ஊர்ந்துகினே போய்டுவேன், அது பிரச்சன இல்ல. கோயில்லேர்ந்து மண்டபம் ஒரு கிலோமீட்டரு. அவ்ளோ தான்ணா, அந்த ஒரு கிலோமீட்டரு மட்டும் இந்த டயரு தாங்குனா போதும். அப்பால வெடிச்சா வெடிக்கட்டும், நானே ஆணி எட்த்து குத்துறேன்.

இன்னா ஊர்கோலமா? ஜானவாசம்ணா. நீ சர்ச்சுக்குப் போற ஆளு, உனுக்குத் தெரிஞ்சிருக்காது. ஐயரு, ஐயங்காரு வூட்டு கல்யாணத்துல மொத நாளு சாயங்காலம் மாப்ளைய கோட்டு சூட்டு போட்டு, தொறந்த கார்ல ஒக்கார வெச்சு, நாயனம் மேளத்தோட மண்டபத்துக்கு இட்டுகினு போவாங்க. அதுக்குன்னே வெச்சுகீற வண்டி இது. டாப்பு கம்பெனிலேர்ந்து தொறந்து வந்தது இல்ல, நா வாங்குறதுக்கு முன்னாடியே எவனோ வெட்டி எடுத்துட்டான். பதினெட்டு வருசமா இந்த சவுத் சைடு பூரா, நங்கநல்லூரு, குரோம்பேட்ட, சேலையூரு, எத்தினி மாப்ளைய ஏத்தி எறக்கியிருப்பேன்னு எனக்கே தெரியாது.

ஒரு மாப்ள தான, எழுவது கிலோ தானன்னு நெனைக்கிற பாத்தியா, அங்க தான் மேட்டரே. மாப்ள ஏறி ஒக்காந்த ஒடனே அந்த வூட்ல இருக்கிற அத்தினி வாண்டுங்களும் ஏறும். அது அவுங்க வயக்கம். யாரும் ஏறுன்னு சொல்றது இல்ல, எறங்குன்னும் சொல்றது இல்ல. மாப்ள மடில ஒண்ணு, பின் சீட்டுல ஏழு, முன்னாடி என்னாண்ட நாலு, அதுல ஒண்ணு ஹாரன அமுக்கும், ஒண்ணு கியரப் புடிச்சுகினு வுடாது. டிக்கி மேல காலத் தொங்கப் போட்டுகினு அஞ்சு. சேலையூருல ஒரு தபா எண்ணிப் பாத்தேன், பத்தொம்போது. ஒரு கிலோமீட்டரு போவறதுக்கு ஒன்ற மணி நேரம் ஆவும். நாயனக்காரரு முக்குக்கு முக்கு நின்னு வாசிப்பாரு. அவரு நின்னா வண்டியும் நிக்கணும். மொத்த வெயிட்டும் பின்னாடி ரெண்டு டயரு மேல தான் குந்தும்.

அதனால இந்த வண்டிக்குக் காத்து வெக்கிறதுல ஒரு கணக்கு கீதுணா. கம்பெனி புக்குல இருவத்தி நாலுன்னு போட்டுகீது. அது எவனோ வெள்ளக்காரன் பொண்டாட்டியோட ஜாலியா போறதுக்கு. நா வெறும் வண்டிக்கு முன்னாடி இருவத்தாறு, பின்னாடி இருவத்தெட்டு வெப்பேன். ஜானவாசம்னா பின்னாடி முப்பத்திரண்டு. யாரும் சொல்லிக் குடுக்கல, நானே கண்டுபுடிச்சேன். ஷெட்டு தரைல கோலமாவ பரப்பி, மேல வண்டிய உருட்டுவேன். டயருக்கு நடுவுல மட்டும் மாவு ஒட்டுனா காத்து ஜாஸ்தி. ரெண்டு ஓரத்துல மட்டும் ஒட்டுனா கம்மி. பட்ட முழுக்க வெள்ளையா ஒட்டணும். புள்ளைங்க வெயிட்டுக்கு மணல் மூட்டய அடுக்கி மூணு நாளு உருட்டுனேன், முப்பத்திரண்டுல தான் முழுசா ஒட்டுச்சு. ஏரியால எல்லாம் எனக்கு லூசுன்னு பேரு வெச்சாங்க.

அவ்ளோ தெரிஞ்சவன் இன்னா பண்ணேன் தெரியுமா? சொல்லவே வெக்கமா கீது. முந்தாநேத்து பெட்ரோல் பங்குல நிறுத்தி நாப்பது வெச்சேன். ஆமா, நாப்பது. வாயப் பொளக்குற பாரு, நீயே. வேற எவனும் வெக்கல, இந்தக் கையால நானே தான் வெச்சேன். வண்டி பின்னாடி லைட்டா குந்துனாப்ல கீதேன்னு பட்டுச்சுணா. பதினெட்டு வருசமா அப்டி தான் குந்திகினு கீது, அன்னிக்கு மட்டும் அது கண்ண உறுத்துச்சு. இந்த ஒரு ஊர்கோலத்துல மட்டும் வண்டி நிமுந்து நிக்கணும், பாக்கறவன் அசந்து போவணும்னு ஒரு ஆச. நேத்து காலைலேர்ந்து வெயில்ல நிறுத்தி பாலிஷ் போட்டுகினு கீறேன், உள்ள காத்து சூடாயி ஏறிகினே போவுது, அது என் மண்டைல ஏறல. சோத்துக்குப் போய்ட்டு வந்து பாக்குறேன், முட்ட. நா போட்ட முட்ட. அங்கயே தரைல ஒக்காந்து அழுதுட்டேன்ணா, அம்பத்தேழு வயசுல, ஒரு டயருக்கு.

சாரிணா, தண்ணி இருந்தா ஒரு வாய் குடு. காலைலேர்ந்து நாஸ்தா கூட பண்ணல.

வெடிச்சா இன்னா ஆய்டப் போவுது, மாப்ளைய வேற வண்டில ஏத்தி வுட்டா ஆச்சுன்றியா? நீ பாத்தது இல்ல, அதான் ஈசியா சொல்ற. நாலு வருசம் முன்ன நங்கநல்லூர்ல ஒரு கல்யாணம். வேற ஒருத்தரு வண்டி, அவருக்கு ஒடம்பு முடியலன்னு கூட ஒத்தாசைக்குப் போயிருந்தேன். நடு ரோட்டுல டயரு புஸ்ஸுன்னு எறங்கிட்ச்சு. மாப்ள மாலையும் கழுத்துமா எறங்கி ஷூவோட சேத்துல நடந்து வந்தாரு. ட்ரைவர ஒருத்தரும் ஒரு வார்த்த சொல்லல. டயரயும் சொல்லல. இன்னா சொன்னாங்க தெரியுமா? பொண்ணு ராசி சரியில்லன்னாங்க. வாசல்ல ஆரத்தித் தட்டு வெச்சுகினு நின்ன பொம்பளைங்க பேசிகினாங்க, என் காதால கேட்டேன். அந்தப் பொண்ணு பின்னாடி தூணாண்ட தான் நின்னுகினு இருந்துச்சு, அதுவும் கேட்டுச்சு. அது மொகம் போன போக்க நா இன்னும் மறக்கல. அன்னிலேர்ந்து அந்த வூட்ல எது ஒடஞ்சாலும், எவன் இருமுனாலும் அது தலைல தான விடிஞ்சிருக்கும்?

இந்தக் கல்யாணத்துல அது நடக்கக் கூடாதுணா. நடக்கவே கூடாது. ஏன்னா இந்தப் பொண்ணுக்குப் பரிஞ்சுகினு வர ஆளு இல்ல. அப்பா அம்மா இல்லாத பொண்ணுன்னு தான் எல்லாருக்கும் சொல்லியிருக்காங்க. மாப்ளயோட மாமா தோத்தாத்ரின்னு ஒரு சாரு, வாத்தியாரா இருந்து ரிட்டையரு ஆனவரு, அவரும் அவரு சம்சாரமும் தான் பொண்ண அவுங்க பொண்ணா எடுத்துகினு தார வாத்துக் குடுக்குறாங்க. தங்கமான மனுசங்க. வேற ஜாதிப் பொண்ணு, ஒரு மொகச்சுளிப்பு இல்ல, கூறப் பொடவைலேர்ந்து காலு மெட்டி வரைக்கும் அவுங்களே பாத்துப் பாத்து வாங்கியிருக்காங்க. ஆனா சொந்தக்காரங்க முந்நூறு பேரு வருவாங்கல்ல, அத்தினி பேரும் அப்டியா இருப்பாங்க? அப்பா அம்மாவ முழுங்கிட்டு வந்தவன்னு எந்த மூலைலயாவது எவளாவது மனசுல வெச்சுகினு இருப்பா. டயரு வெடிச்சா அது வாய்க்கு வந்துடும். என்னால வந்துடும்ணா. நா வெச்ச நாப்பதால வந்துடும்.

மாப்ளயா? ஷ்யாம்சுந்தர்னு பேரு. சிறுசேரில பெரிய கம்பெனில வேல. அவுரே தான் ஃபோன் போட்டு, உங்க வண்டி தான் வேணும், நீங்களே தான் ஓட்டணும், வேற ட்ரைவர அனுப்பிடாதீங்கன்னு சொன்னாரு. நல்ல புள்ளணா. வூட்டுக்கு வந்தா செருப்ப வெளிய வுட்டுட்டு தரைல சம்மணம் போட்டு ஒக்காருவாரு. அடுப்புல மீனு வறுபட்டுகினு கீது, மூக்கச் சுளிக்கல, லோகநாயகி தான் வெலவெலத்துப் போய் அடுப்ப நிறுத்திட்டா. லோகநாயகி என் சம்சாரம். எந்த வூட்டுக்கா? எங்க வூட்டுக்கு தான். வண்டி பேசி முடிக்க வந்தாரு. ஏன், கஸ்டமரு வூட்டுக்கு வரக் கூடாதா?

அத்த வுடுணா. இன்னா பண்ணலாம், அத்த சொல்லு.

உள்பக்கமா பழைய டயர் துண்டு வெட்டி வெச்சு, அதுக்கு மேல டியூப்ப போடலாமா? தாங்குமா? லாரிக்குப் போட்ருக்கியா? எத்தினி நாளு ஓடுச்சு? திண்டிவனம் வரைக்குமா? அண்ணா, எனக்குத் திண்டிவனம்லாம் வேணாம், கோயில் குளத்த ஒரு சுத்து சுத்தி மண்டபத்து வாசலுக்கு வந்தா போதும். கழட்டு. ஜாக்கி நா போடுறேன், இதுக்கு எந்த எடத்துல வெக்கணும்னு எனக்குத் தான் தெரியும். வேற எடத்துல வெச்சா பாடி மடங்கிடும், துருப்புடிச்ச பாடி.

பாத்துணா, லீவர மெதுவா உள்ள வுடு. ரிம்மு ஓரம் பிஞ்சா வேற ரிம்மு கெடையாது. ம். ம். அப்டித் தான். உன் கை நெதானமா கீதுணா.

சீட்டு சுத்தமா கீதா? என் சம்சாரம் தான் தொடச்சா. பதினெட்டு வருசத்துல ஷெட்டு பக்கமே எட்டிப் பாக்காதவ, நேத்து ராத்திரி வாளித் தண்ணியோட வந்து ஒக்காந்துட்டா. ஒவ்வொரு பட்டனா தொடச்சா. நா டயரு பொடச்சத சொன்னேன். துணியப் புழிஞ்சு கொடில போட்டுட்டு வூட்டுக்குப் போய்ட்டா. திட்டியிருந்தா கூட தேவலாம்ணா.

சரி, போட்டாச்சா? இப்ப காத்து. நீ சொல்லு, எவ்ளோ? இருவத்தெட்டா? புள்ளைங்க ஏறுனா சப்பயாயிடுமேணா. முப்பத்திரண்டு உள்ள வெச்ச துண்ட தள்ளிடுமா? அப்ப முப்பது. முப்பது சரியா? உன் வாயால ஒரு தபா சொல்லு. நானே சொல்லிகினா எனக்கு இப்ப நம்பிக்க இல்ல. நாப்பதும் நா சொன்னது தான.

வெய்யி. மெதுவா. இருவது. நிறுத்து, பாக்கலாம். ம், வெய்யி. இருவத்தாறு. அண்ணா, நீ கொஞ்சம் தள்ளி நில்லு, மூஞ்சிய அதும் நேருக்குக் காட்டாத, உனுக்கும் புள்ள குட்டி இருக்கும். நா நிக்கிறேன். இருவத்தெட்டு. இருவத்தொம்போது. போதும், போதும், அது முப்பது தான், முள்ளு ஆடுது பாரு. அந்த முட்ட பெருசாச்சா? ஆவலல்ல? நல்லா பாத்து சொல்லுணா, எனக்கு கண்ணு மங்குது. ஆவல. ஆவல. சாமி.

டிக்கில கோலமாவு பாக்கெட்டு கீது, இரு, எடுக்குறேன். இப்டி பரப்புவோம். நீ பின்னாடி டிக்கி மேல ஏறி ஒக்காரு. அட ஒக்காருணா, நாலு புள்ளைங்க வெயிட்டு நீ ஒருத்தனே இருப்ப. நா தள்ளுறேன். ஏஏய், ஹா. எறங்கு, எறங்கு, பாக்கலாம். தோ! பட்ட முழுக்க. ஓரமும் ஒட்டிகீது, நடுவும் ஒட்டிகீது. பாத்தியா? பாத்தியாணா? முப்பது. உன் காலக் குடு, தொட்டுக்குறேன்.

இல்லணா, புள்ளைங்கள கொறைக்க முடியாது. அஞ்சு பேருக்கு மேல ஏறக் கூடாதுன்னு நீ ஈசியா சொல்லிட்ட. யாரு சொல்றது? நா அங்க யாரு? ட்ரைவரு. எறங்கு பாப்பான்னு நா ஒரு கொரலு வுட்டா, பெரியவங்க திரும்பி ஒரு பார்வ பாப்பாங்க. யாருய்யா நீ, இவ்ளோ உரிமையா பேசுறன்னு எவனாவது கேட்டுட்டான்னு வெய்யி? அந்தக் கேள்விய மட்டும் அங்க எவனும் கேட்டுடக் கூடாதுணா. ஏறட்டும். அத்தினி புள்ளைங்களும் ஏறட்டும். இன்னிக்கு என் வண்டில எடம் இல்லன்னு எந்தப் புள்ளயும் அழக் கூடாது.

வேற வண்டி அனுப்புன்னு இத்தோட நாலு தபா சொல்லிட்ட. அனுப்பலாம்ணா. ஏன் அனுப்ப முடியாது? பல்லாவரத்துல துரைராஜாண்ட தொறந்த ஜீப்பு கீது, டயருலாம் புதுசு, ஃபோன் போட்டா அர மணில வந்து நிப்பான். மாப்ள போய்டுவாரு, ஊர்கோலம் நடந்துடும், எல்லாம் கரெக்டா முடிஞ்சுடும். ஆனா துரைராஜு வண்டிய துரைராஜு தான ஓட்டுவான்? நா எப்டி போறது? ஸ்டேரிங்கு கைல இல்லன்னா அந்த மண்டபத்து வாசல்ல நா எந்தச் சாக்குல போய் நிக்கிறது?

அப்டி பாக்காதணா.

எம் பொண்ணு தான். ஓவியா. ஒரே பொண்ணு. பத்திரிகைல ஓவியான்னு தான் போட்டுகீறாங்க, அந்த மட்டுக்கும் பேர மாத்தல. ஆதார்ல தான் என் பேரு கீது, அத்த கல்யாணத்துல எவன் வாங்கிப் பாக்கப் போறான்?

அவ மேல தப்பு சொல்லாதணா, அது ஒரு செகண்டுல நடந்தது. ரெண்டு வருசம் முன்ன, மாப்ளயோட அம்மா அபிதகுஜாம்பாள்னு, அந்தம்மா மொத மொதல்ல ஃபோன்ல பேசறப்ப அப்பா என்னம்மா பண்றார்னு கேட்டாங்களாம். சொம்மா பேச்சுக்கு. கூட வேல செய்றவங்க சுத்தி ஒக்காந்துகினு இருந்தாங்களாம். ஊர்கோல வண்டி ஓட்றாருன்னு சொல்ல வாய் வரல போல. அப்பா இல்லன்னு வந்துட்ச்சு. அம்மான்னு கேட்டாங்களாம், அதுக்கும் ம்னு சொல்லிட்டா. அந்தம்மா ஃபோன்லயே அழுதுட்டாங்களாம், இனிமே நாந்தாண்டி உனக்கு அம்மான்னு. அதுக்கு அப்பால எப்டி திருப்பி எடுப்பா சொல்லு? அந்த வூட்ல மாப்ளைக்கு மட்டும் தான் நெசம் தெரியும். ஒவ்வொரு வெள்ளிக்கெழமயும் பூ, பொறந்த நாளைக்குப் பொடவ, இவ அத்தினியும் வாங்கிகினு வந்து எங்க வூட்டு மூலைல ஒக்காந்து அழுவா. லோகநாயகி ஒரு நாளு கை ஓங்கிட்டா, நா தான் தடுத்தேன். நெசத்த சொல்லியிருந்தா அவுங்க சரின்னு தான் சொல்லியிருப்பாங்களோ என்னமோ. அதான்ணா என்னைய கொல்லுது. கேக்காமயே நாங்க செத்துட்டோம். இப்ப போய் உசுரோட நின்னா அவ பொய்க்காரியாயிடுவா.

நாளைக்குக் காலைல தோத்தாத்ரி சாரு மடில ஒக்கார வெச்சு தான் தாலி. அத்த நா பாக்க முடியாது, ட்ரைவருக்கு இன்னிக்கு சாயங்காலத்தோட வேல முடிஞ்சுது. லோகநாயகி வர முடியாது. ஓவியா அவ மொகத்த அப்டியே உரிச்சு வெச்சுகீறா, பாத்த ஒடனே கண்டுபுடிச்சுடுவாங்க. இன்னா பொடவ, தலைல இன்னா பூவு, சாப்ட்டாப்ல இருந்துச்சா மொகம், எல்லாத்தையும் பாத்துகினு வந்து சொல்லுன்னு மட்டும் சொன்னா. வண்டி மண்டபத்து வாசல்ல நின்ன ஒடனே பொம்பளைங்களோட அவளும் வெளிய வருவா. ஆரத்தி எடுக்குற நேரம், அஞ்சு நிமிசம் இருக்கும். ரெண்டு பேரும் ஃபோன்ல பேசி வெச்சுகினு கீறோம். அவ மாப்ளைய மட்டும் தான் பாக்கணும், நா ரோட்ட மட்டும் தான் பாக்கணும். ஒருத்தர ஒருத்தரு பாத்தா ரெண்டு பேருக்கும் தாங்காது.

அண்ணா, அந்த லெஃப்ட்டு கண்ணாடிய தொடாத. அது கோணல் இல்ல. மண்டபத்து வாசப்படில நிக்கிற ஆளு தெரியிற மாதிரி நான் தான் திருப்பி வெச்சுகீறேன்.